தாத்தா கல்யாணத்துக்குத் தாள் எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பழைய கல்யாணங்களுக்குச் சான்று எங்கே கிடைக்கும் என்பது. பென்ஷனுக்கு, பாஸ்போர்ட்டுக்கு, சொத்துக்கு, அப்புறம் தாத்தா பாட்டி யார் எவர் என்று தெரிந்துகொள்ளும் ஆசைக்கு என்று ஆளுக்கு ஒரு காரணம். நான் வருடக்கணக்காகப் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுக்கிறவன், இந்த மாதிரிப் பழைய பக்கங்களோடுதான் என் நாள் போகிறது, அதனால் இந்த வாரப் பகுதி முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் தாத்தா அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக, இருந்தவர். 1936 வாக்கில் லீவில் வந்து புதுச்சேரியில் கல்யாணம் செய்துகொண்டார் என்று பாட்டி சொல்வார். ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன், இரண்டே நிமிடத்தில் "அந்தப் பேரில் எதுவும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இனி தேட வழி உண்டா? (வாசகர், முத்தியால்பேட்டை)

வழி இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் வந்த "இல்லை"யை நம்பிவிடாதீர்கள். நீங்கள் எந்த எழுத்தில் தேடச் சொன்னீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நாம் இன்று ஆங்கில வழக்கில் பெயரை எழுதுகிறோம், அன்றைய குமாஸ்தா பிரெஞ்சு காதில் கேட்டு எழுதினார். பிரெஞ்சில் 'உ' ஒலிக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்து வேண்டும், அதனால் முத்து என்பது எம்-ஓ-யு-டி-டி-ஓ-யு. கந்தசாமியும் குப்புசாமியும் கே வரிசையில் இருக்கவே மாட்டார்கள், சி வரிசையில் இருப்பார்கள். சி-ஹெச் என்று எழுதினால் பிரெஞ்சுக்காரர் 'ஷ' என்று படிப்பார் என்பதால் நம்முடைய அழுத்தமான 'ச்ச' வரும் இடத்தில் முன்னால் ஒரு டி சேர்ப்பார்கள். லட்சுமி என்றால் எல்-ஏ-டி-சி-ஹெச்-ஓ-யு-எம்-வை. உங்கள் தாத்தா பெயரை இந்த மாதிரி நாலைந்து விதமாக ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள்.

இன்னொன்று. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணையின்படி இங்கே இருந்த இந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்று ஆயிற்று. அப்படி வந்தவர்களைத்தான் ரெனோன்சான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ள வேண்டும். வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை லாப்போர்த் என்று எடுத்துக்கொண்டது இந்த ஊரில் பலருக்கும் தெரிந்த கதை. சைகோனில் வேலை பார்த்தவர்களில் ரெனோன்சான் நிறையப் பேர், ஆகவே உங்கள் தாத்தா வீட்டில் அழைத்த பெயரில் இல்லாமல் அந்தக் குடும்பப் பெயரில் வேறு வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். பாட்டியிடமோ அத்தைகளிடமோ அதை முதலில் கேட்டு வாருங்கள்.

பதிவேடு எப்படி இருந்தது என்று தெரிந்தால் தேடுவது சுலபம். பிரெஞ்சு முறையில் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றும் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுதப்படும். ஒரே ஏட்டை இரண்டு படியாக எழுத வேண்டும், ஒன்று மேரியிலேயே தங்கும், மற்றது வருட முடிவில் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போகும். காலனிகளுக்கு மட்டும் மூன்றாவது படி ஒன்று உண்டு, 1776 ஜூனில் வந்த அரசாணைப்படி அது கப்பல் ஏறிப் பிரான்சுக்குப் போகும். தீ, புயல், கரையான், போர் என்று காலனியில் காகிதம் நிற்காது என்று அவர்கள் அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். யோசித்தது சரிதான், நம் கடற்கரையில் 1870 வாக்கில் கட்டிய மேரிக் கட்டடமே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பிறகு அதே சாயலில் மறுபடி கட்டியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த மூன்றாம் படிகள் இப்போது தெற்குப் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்துக் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய வருடங்களின் பக்கங்களைப் படம் எடுத்து இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறார்கள், புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் எல்லாம் உண்டு. சைகோன் ஏடுகளும் அதே காப்பகத்தில்தான், எனவே கல்யாணம் இங்கே நடக்காமல் சைகோனில் நடந்திருந்தாலும் அகப்படலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களின் பிந்தைய பதிவுகளுக்கு நான்த் நகரத்தில் வெளியுறவு அமைச்சகத்தின் மையப் பதிவு அலுவலகம் இருக்கிறது, அதற்குக் கடிதம் எழுத வேண்டும். வருடம் சரியாகத் தெரியாவிட்டால் பத்தாண்டுப் பட்டியல் என்று ஒன்று உண்டு, பத்து வருடத்துப் பெயர்களும் அகரவரிசையில் ஒரே இடத்தில். அதில் தொடங்குங்கள், ஏட்டைத் தாள் தாளாகப் புரட்ட வேண்டாம்.

ஏடு கிடைத்ததும் கண் எண்களைத் தேடும், ஆனால் எண் இருக்காது. ஆண்டு, தேதி, மணி எல்லாம் எழுத்தால்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு, காலை பத்து மணிக்கு, எங்கள் முன் வந்தவர்கள்" என்று ஒரே மூச்சில் போகும். பிறகு மாப்பிள்ளையின் பெயர், வயது, தொழில், பிறந்த ஊர், அப்பா பெயர், அம்மா பெயர், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா, அதே போலப் பெண்ணுக்கு, கடைசியில் சாட்சிகள். அம்மா பெயர் வருகிறது பாருங்கள், அது பெரிய விஷயம், நம் ஊர்ப் பழைய பத்திரங்களில் பெண்களின் அம்மா பெயரை யார் எழுதினார்கள்? கீழே கையெழுத்துகளில் சாய்வான பிரெஞ்சு எழுத்துக்கு நடுவில் திடீரென்று தமிழில் ஒரு கையெழுத்து நிற்கும், புள்ளி வைக்காத பழைய எழுத்து, மை சற்றுத் தடித்து. நான் இதுவரை எத்தனையோ பார்த்துவிட்டேன், இன்னும் அந்த இடத்தில் வந்ததும் கை நின்றுவிடுகிறது.

ஓரத்தை விட்டுவிடாதீர்கள். 1897ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் இன்ன தேதி, இன்ன ஊர், இன்னாரோடு என்று குறிக்க வேண்டும். கல்யாண ஏடு கிடைக்காதபோது தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடி ஓரத்தைப் படித்துக் கண்டுபிடித்தவர்கள் நிறைய. அப்புறம், சிவில் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு மேரியில் நடந்ததுதான் கல்யாணம், கோயில் சடங்கு அதற்குப் பிறகுதான். வீட்டில் சொல்லும் தேதிக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் ஏட்டில் தேதி இருந்தால் அது தப்பு இல்லை.

கேள்வி: நான் பாகூரில் இருந்துகொண்டு வீட்டிலிருந்தே கணினியில் பதிவு ஏற்றும் வேலை செய்கிறேன். இப்போது வந்திருப்பது அமெரிக்காவின் பழைய கவுண்டி கல்யாணப் பதிவுகள். ஒரே ஜோடிக்கு மூன்று தேதி வருகிறது, எதைக் கல்யாணத் தேதியாகப் போடுவது என்று தெரியாமல் தினமும் திணறுகிறேன். கவுண்டி என்றால் என்ன, இவற்றை யார் எழுதினார்கள்? (வாசகி, பாகூர்)

இந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடித்தது அம்மா, வெறுமனே தட்டச்சு செய்துவிட்டுப் போகாமல் என்ன எழுதுகிறோம் என்று கேட்கிறீர்களே. கவுண்டி என்பதை நம் தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் ஓர் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நாட்டுக்கு ஒரே கல்யாண ஏடு என்று இருந்ததில்லை, பெரும்பாலான மாநிலங்களில் அந்தந்தக் கவுண்டி எழுத்தர்தான் வைத்திருப்பார். ஒகையோவில் 1852 முதல் உயில் சொத்து விவகாரம் பார்க்கும் நீதிமன்றத்தில், நியூ இங்கிலாந்து பக்கம் கவுண்டியே இல்லாமல் ஊர் எழுத்தரிடம் என்று இடத்துக்கு இடம் மாறும். மாநில அரசு கேட்டு வாங்கி ஒரே இடத்தில் சேர்க்க ஆரம்பித்தது பின்னால்தான், வர்ஜீனியாவில் 1853.

மூன்று தேதி எப்படி வந்தது என்றால், மாப்பிள்ளை முதலில் எழுத்தரிடம் போய் அனுமதிச் சீட்டு வாங்குவார். அது லைசென்ஸ் தேதி. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போதகரிடமோ ஊர் நீதிபதியிடமோ போவார்கள், அவர் கல்யாணத்தை நடத்திவைத்து சீட்டின் கீழேயோ பின்னாலோ "இன்ன நாளில் இவர்களைச் சேர்த்துவைத்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எழுத்தருக்குத் திருப்பி அனுப்புவார். இந்தத் திருப்பி அனுப்புவதைத்தான் ரிட்டர்ன் என்று உங்கள் படிவத்தில் போட்டிருப்பார்கள், அதில் உள்ள தேதிதான் கல்யாணத் தேதி. சீட்டு அலுவலகத்துக்கு வந்ததும் எழுத்தர் பெரிய ஏட்டில் ஏற்றுவார், அது மூன்றாவது தேதி. போதகர் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றுகிறவராக இருந்தால் சீட்டு வந்து சேர மாதக் கணக்காகும், சில சமயம் வராமலே போகும். லைசென்ஸ் மட்டும் இருந்து ரிட்டர்ன் காலியாக இருந்தால் கல்யாணம் நடந்தது என்று நீங்கள் எழுதக் கூடாது, காலியாகவே விடுங்கள். அந்தக் காலியும் ஒரு தகவல்தான், பின்னால் தேடுகிற பேரப்பிள்ளை அதை வைத்துத்தான் அடுத்த கவுண்டிக்குப் போவார்.

தென் மாநிலங்களின் பழைய பதிவுகளில் பாண்ட் என்று இன்னொன்று வரும். வட கரோலினாவில் 1741 முதல் 1868 வரை இந்த முறை. இந்தக் கல்யாணத்துக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை, இருந்தால் இவ்வளவு தொகை கட்டுகிறேன் என்று மாப்பிள்ளையும் கூட ஒருவரும் எழுதித் தருகிற பிணைப்பத்திரம். பணம் யாரும் கொடுத்துவிட்டுப் போனதில்லை, எண்ணைப் பார்த்துச் சீர்வரிசை என்று நினைத்துவிடாதீர்கள். கூடக் கையெழுத்துப் போடுகிறவர் பல சமயம் பெண்ணின் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருப்பார், ஆகவே அந்தப் பெயரைத் தவறாமல் ஏற்றுங்கள். பெண்ணின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க அந்த ஒரு பெயர்தான் மிஞ்சும் சில குடும்பங்களுக்கு. வயது குறைந்தவர் என்றால் அப்பா எழுதிக் கொடுத்த சம்மதத் துண்டுச் சீட்டும் சேர்த்துக் கட்டியிருக்கும்.

போதகர் பெயருக்குப் பின்னால் எம்.ஜி. என்று வந்தால் சுவிசேஷ ஊழியர், ஜே.பி. என்று வந்தால் ஊர் நீதிபதி. எம்.ஜி.யைப் பெயரின் முதலெழுத்து என்று ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் பார்க்கும் ஏடு பெரும்பாலும் சீட்டிலிருந்து எழுத்தர் பார்த்து எழுதியது, அவர் ஒருமுறை தப்பாகப் படித்திருப்பார், நீங்கள் இரண்டாம் முறை தப்பாகப் படிக்கக் கூடாது. ஒரே பக்கத்தில் அதே கை எழுதிய வேறு பெயர்களைப் பார்த்து அவருடைய 'எஸ்', 'எல்' எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்ளுங்கள், பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பெண் வீட்டு ஊரில் கல்யாணம் நடப்பது அங்கேயும் சகஜம், அதனால் பெண்ணின் கவுண்டியில்தான் பெரும்பாலும் பதிவு இருக்கும். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்கிறவர்களுக்கு என்றே பேர் வாங்கிய கவுண்டிகளும் உண்டு. மேரிலாந்தில் எல்க்டன் என்ற சின்ன ஊரில் காத்திருக்கும் நாள் எதுவும் இல்லை என்பதால் வெளி மாநிலத்தார் ரயிலேறி வந்து கூடினார்கள், 1938இல் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகுதான் கூட்டம் குறைந்தது. உங்கள் ஏட்டில் ஒரு சிற்றூரில் ஆயிரக்கணக்கில் வெளியூர் ஜோடிகள் வந்தால் அதுதான் காரணம்.

ஒன்றை மட்டும் மனசில் வைத்து ஏற்றுங்கள். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் கல்யாணத்தை அங்கே சட்டம் கல்யாணமாகவே எண்ணவில்லை, விற்கிறவன் புருஷனை ஒரு பக்கமும் பெண்டாட்டியை ஒரு பக்கமும் விற்றுவிட்டுப் போவான். விடுதலைக்குப் பிறகு 1866இல் வட கரோலினாவிலும் வர்ஜீனியாவிலும் சேர்ந்து வாழும் ஜோடிகள் வந்து பதிந்துகொள்ளலாம் என்று ஆனது. அந்த ஏடுகளில் எத்தனை வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்று ஒரு கட்டம் இருக்கும். முப்பது வருடம், நாற்பது வருடம் என்று வரும். கிழவனும் கிழவியுமாக வந்து வரிசையில் நின்று, இவள் என் மனைவி என்று சொல்லி எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தக் கட்டத்து எண்ணை நிதானமாகப் பார்த்துப் போடுங்கள் அம்மா.

கேள்வி: அம்மாவுக்குக் கல்யாணம் திருவந்திபுரத்தில், 1958 என்று நினைக்கிறோம். அப்பா அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர், போன மாதம் காலமானார். குடும்ப ஓய்வூதியத்துக்குத் திருமணச் சான்று கேட்கிறார்கள். இப்போது பதிவு செய்ய முடியுமா? (வாசகர், கடலூர் முதுநகர்)

அப்பா இல்லாத நிலையில் இப்போது போய்ச் சார்பதிவாளரிடம் பதிவது நடக்காது, இருவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக அலைய வேண்டாம். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் பதிவு கட்டாயம் இல்லை, பதியாததால் கல்யாணம் செல்லாது என்று ஒருபோதும் ஆகாது. தமிழ்நாட்டில் எல்லா மதத்தாருக்கும் பதிவு கட்டாயம் என்று ஆனது 2009 நவம்பர் 24க்குப் பிறகு நடந்த கல்யாணங்களுக்குத்தான், அவற்றை 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. 1958க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்பாவின் பணிப் பதிவேட்டில் குடும்ப விவரப் பக்கம் இருக்கும், ஓய்வூதியக் கொடுப்பாணையில் மனைவி பெயர் இருக்கும், பெரும்பாலும் இருவரும் சேர்ந்து எடுத்த படமே ஒட்டியிருக்கும். அந்த நகல்களோடு வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்குங்கள். பழைய கிரயப் பத்திரத்தில் அம்மாவை "இன்னார் மனைவி" என்று எழுதியிருந்தால் அதுவும் சேரட்டும். நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களைச் சட்டப்படி கல்யாணமானவர்கள் என்றே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த ஒரு ஜோடி விஷயத்தில் சொல்லியிருக்கிறது. கணவன் போன ஒரு மாதத்தில் ஒரு முதிய அம்மாவை "நீ பெண்டாட்டிதானா, காட்டு" என்று வரிசையில் நிறுத்துவது எனக்கு வயிறு எரிகிற விஷயம். நீங்கள் கூடப் போங்கள், அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

கோயிலிலும் கேட்டுப் பாருங்கள். தேவநாத சுவாமி சந்நிதியில் முகூர்த்த நாளென்றால் எத்தனை ஜோடி என்று எண்ண முடியாது, கட்டணம் கட்டி ரசீது வாங்கித்தான் கல்யாணம். வீட்டில் அந்த ரசீது இருந்தால் தங்கம். இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்று பாருங்கள், அதில் ஆங்கிலத் தேதி இல்லாமல் விளம்பி வருஷம் மாசி மாதம் என்று மட்டும் இருந்தால் 1958 என்று எழுதிவிடாதீர்கள். விளம்பி 1958 சித்திரையில் பிறந்தது, அதன் தையும் மாசியும் பங்குனியும் 1959இல் விழும். இந்த ஒரு வருட வித்தியாசத்தால் மனு திரும்பி வந்த கதை எனக்குத் தெரிந்து மூன்று.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா ராயப்பன். கோயில் கல்யாணப் புத்தகத்தில் தேடிக் கொடுத்த சாமியார், ராயப்பன் என்று யாரும் இல்லை, அதே வருடம் பெத்ருஸ் என்று ஒருவர்தான் இருக்கிறார் என்கிறார். (வாசகி, நெல்லித்தோப்பு)

அவர்தான் உங்கள் கொள்ளுத்தாத்தா. பழைய கத்தோலிக்கக் கோயில் புத்தகங்கள் லத்தீனில். நம் ஜனங்கள் ராயப்பன் என்றது பேதுருவை, சின்னப்பன் என்றது பவுலை, அருளப்பன் என்றது யோவானை, சூசை என்றது ஜோசப்பை, இன்னாசி என்றது இக்னேஷியஸை. இவரே மேரிக்குப் போனால் பிரெஞ்சில் பியேர் ஆகியிருப்பார். ஒரே மனிதர், மூன்று ஏட்டில் மூன்று பெயர். மனைவி பெயரும் அப்பா பெயரும் பொருந்துகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கல்யாணப் பதிவில் "ஓலை மூன்று வாசித்தாயிற்று" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று ஞாயிறு பூசையில் வாசிக்கிற ஓலைதான். அதற்கு அடுத்து விலக்கு கொடுத்ததாக ஏதாவது இருந்தால் விடாமல் படியுங்கள். நம் வழக்கத்தில் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்றால் சந்தோஷம், ஆனால் கோயில் சட்டத்தில் நெருங்கிய சொந்தம் தடை, அதனால் விலக்கு வாங்கிக் கட்டியிருப்பார்கள், என்ன சொந்தம் என்பதும் அதில் இருக்கும். மாமன் மகளா அத்தை மகளா என்று நூறு வருடம் கழித்துத் தெரிகிறது என்றால் அந்த ஒரு வரியால்தான். 1908க்குப் பிறகான கல்யாணம் என்றால் ஞானஸ்நானப் புத்தகத்திலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் குறிப்பு இருக்க வேண்டும்.

பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூர்க் கோயில்களில் கட்டியவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி குருக்கள் நடத்திய கல்யாணங்களின் விவரம் தலைமைப் பதிவாளருக்குப் போக வேண்டும், கத்தோலிக்கக் கோயில்களிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதற்கும் முந்தைய கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் மதராஸ் மாகாணத்து ஆங்கிலேயர் கல்யாணங்களின் நகல் லண்டன் போயிற்று, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சென்னைக் கோட்டை புனித மேரி ஆலய ஏட்டில் முதல் கல்யாணம் 1680 நவம்பர் 4, மாப்பிள்ளை எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர், அவர் மதராஸ் கவர்னராக இருந்தபோதுதான் 1690இல் கம்பெனி நம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியது.

கேள்வி: என் பெற்றோர் 1962இல் சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, மாலை மாற்றி ஒப்பந்தம் வாசித்துக் கையெழுத்து, அவ்வளவுதான். சொத்துத் தகராறில் எதிர்த்தரப்பு "அது கல்யாணமே இல்லை" என்கிறது. (வாசகர், பண்ருட்டி)

கல்யாணம்தான். 1967ஆம் ஆண்டு சென்னைச் சட்டத் திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று புரியும் மொழியில் சொல்வது, அல்லது மாலை மாற்றுவது, மோதிரம் அணிவிப்பது, அல்லது தாலி கட்டுவது, இதில் ஒன்று போதும். அதைவிட முக்கியமானது, அந்தச் சட்டத்துக்கு முன்னால் நடந்த இத்தகைய திருமணங்களும் செல்லும் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணம் செல்லாது என்று தீர்ப்பு சொன்ன பிறகு, எத்தனை பெண்கள் மனைவி இல்லை, எத்தனை பிள்ளைகள் வாரிசு இல்லை என்று ஆக்கப்பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாகூர் வாசகிக்கு எழுதிய 1866 ஏடுகள் எனக்கு ஞாபகம் வருவது இதனால்தான்.

அந்த வாழ்க்கை ஒப்பந்தத் தாள் கையில் இருந்தால் நகல் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள், மூலத்தை விடாதீர்கள். தலைமை தாங்கியவர், வாழ்த்திப் பேசியவர்கள் பெயரெல்லாம் அதில் இருக்கும், அவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் இன்றே போய்ப் பாருங்கள்.

கேள்வி: பரங்கிப்பேட்டையில் நடந்த நிக்காஹ், 1971. எங்கே கேட்பது? (வாசகர், வில்லியனூர்)

பெண் வீட்டு மஹல்லா ஜமாஅத்தில், பள்ளிவாசல் நிக்காஹ் புத்தகத்தில். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் தொகை, பெண்ணுக்குப் பொறுப்பாளரான வலீயின் பெயர், இரண்டு சாட்சி, நடத்திவைத்தவர் கையெழுத்து எல்லாம் இருக்கும். தேதி ஹிஜ்ரி நாட்காட்டியில் மட்டும் இருந்தால் மாற்றும்போது ஒரு நாள் முன்பின் ஆகும், கிழமையையும் சேர்த்துப் பார்த்தால் சரியாகப் பிடிக்கலாம். ஜமாஅத் முத்திரையோடு நகல் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வீட்டை இடித்துக் கட்டுகிறோம். பரணில் பழைய மொய் நோட்டுகள் ஒரு மூட்டை. தூக்கிப் போட்டுவிடலாமா? (வாசகி, மஞ்சக்குப்பம்)

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். சர்க்காரும் எழுதாத, கோயிலும் எழுதாத காலத்தில் கல்யாணம் நடந்தது என்று எழுதிவைத்தது அந்த நோட்டு ஒன்றுதான். முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, மணமக்கள் பெயரும் தேதியும் இருக்கும். உள்ளே ஊர் ஊராக, பெயர் பெயராக, யார் ஐந்து ரூபாய், யார் இரண்டே கால், தாய்மாமன் செய்தது என்ன என்று வரிசையாக. தாய்மாமன் யார் என்று தெரிந்தால் பாட்டியின் பிறந்த ஊர் தெரியும், அங்கிருந்து மற்றது எல்லாம் வரும்.

வெயிலில் காய வைக்காதீர்கள், மை வெளுத்துவிடும். நிழலில் ஒரு நாள் பிரித்து வைத்து, தூரிகையால் தூசி தட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கத்தில் வைத்துப் போனிலேயே படம் எடுங்கள், ஓரமும் சேர்ந்து விழட்டும். வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்கள், அவர் சொல்லச் சொல்ல இன்னார் இன்ன உறவு என்று தனி நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.